மலைக்கு வரைபடம் போடும் சென்னைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கட்டடக் கலைஞர்களுக்கும், ஸ்ட்ரக்சுரல், எலக்ட்ரிக்கல், ஏசி, பிளம்பிங் என்று பிரிந்து வேலை பார்க்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் எழும்புகிற பெரிய கட்டடங்களில் பலவற்றுக்குச் சென்னையில் உட்கார்ந்துதான் வரைபடம் போடுகிறோம். நானும் இதே ஊரில் ஏசி, பிளம்பிங் கணக்குப் போட்டுப் பிழைப்பவன் என்பதால் உரிமையோடு எழுதுகிறேன். சென்னையில் பழகிய கையோடு மலைக்கும் வரைகிறோம். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், ஐந்து இஞ்ச் கான்கிரீட் தளம், ஒற்றைக் கண்ணாடி போட்ட அலுமினிய ஜன்னல், குளியலறைக்கு ஒரு கீசர் பாயிண்ட், படுக்கையறையில் ரூம் ஹீட்டருக்கென்று ஒரு 16 ஆம்பியர் பிளக். அவ்வளவுதான், வேலை முடிந்தது. மலைக்குளிருக்கு நாம் தரும் பதில் அந்த ஒரு பிளக்தான்.

அது போதாது. மலையில் கட்டும் விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சூடு என்பது தண்ணீர், கரண்ட் மாதிரி ஓர் அடிப்படை வசதி. அந்தச் சூட்டை மேலே அடிக்கும் வெயிலிடமிருந்தும் காலுக்கடியில் கிடக்கும் நிலத்திடமிருந்தும் சேர்த்து எடுக்க முடியும், தமிழ்நாட்டில் அதற்குத் தோதான இடம் நீலகிரியும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரும்தான். அடுத்து உங்கள் மேஜைக்கு வரும் மலைக் கட்டடத்தில் இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு ஜூலை மாதம் ஊட்டியில் ஒரு மாணவர் விடுதியைப் பார்க்கப் போயிருந்தேன். எந்த விடுதி என்பது இங்கே தேவையில்லை. வராண்டா முழுக்கக் கொடி கட்டி யூனிஃபார்ம் தொங்கிக்கொண்டிருந்தது, துவைத்து நாலு நாளாகியும் காயாத துணி, தொட்டால் கையில் ஈரம் ஒட்டியது. அறைக்குள் வெளிச்சுவரை ஒட்டிக் கிடக்க வேண்டிய இரும்புக் கட்டில்களை ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஏன் தம்பி என்று கேட்டதற்கு ஒரு பையன் தன் போர்வையைத் தூக்கிக் காட்டினான்; சுவரில் பட்டிருந்த ஓரம் மட்டும் நனைந்து, கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. இருபது பேர் இரவு முழுக்க விடும் மூச்சில் இருக்கும் ஈரம் சில்லிட்ட சுவரில் பட்டுத் தண்ணீராகிறது, அந்தத் தண்ணீரில் பூஞ்சணம் வளர்கிறது, அதைச் சுவாசித்துக்கொண்டு பிள்ளைகள் தூங்குகிறார்கள். குளியலறையில் ஒரே ஒரு பக்கெட்டில் தண்ணீர் காய்ச்சும் மின்சார ராடு போட்டிருந்தார்கள். இன்னொரு ராடு சேர்த்துப் போட்டால் டிரிப் ஆகிவிடுமாம், அதனால் விடியும் முன்பே வரிசை. கடைசியில் நிற்கும் சின்னப் பையன்கள் பச்சைத் தண்ணீரில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. குளிர்காலத்தில் மலையூர்களிலிருந்து வரும் செய்திகளைப் படித்திருப்பீர்கள். அறைக்குள் அடுப்புக்கரியை மூட்டி வைத்து, குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி. கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கட்டடம் சூடு தராவிட்டால் மனிதர்கள் கைக்கு எது கிடைக்கிறதோ அதைக் கொளுத்திக்கொள்வார்கள். அதைக் கவனக்குறைவு என்று சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது, அந்த அறையை வரைந்தவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

சரி, நிலத்துக்கு வருவோம். பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே போய்விட்டால் மண்ணுக்குக் கோடையும் தெரியாது, பனியும் தெரியாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை எதுவோ, ஏறக்குறைய அதுதான் அங்கே வருடம் முழுக்க நிற்கும். ஊட்டிக்கு அது 15 டிகிரியை ஒட்டி வரும். வெளியே, ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் ஜனவரி விடியற்காலையிலும் கீழே அதே 15 டிகிரிதான்.

பதினைந்து டிகிரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கலாம். நம் வீட்டு ஃபிரிட்ஜ், உள்ளே வைத்த காய்கறியிடமிருந்து வெப்பத்தை உறிஞ்சிப் பின்பக்கக் கம்பிச்சுருளில் கொண்டுபோய் விடுகிறதே, அதே கம்ப்ரஸர், அதே வேலை. ஹீட் பம்ப் என்று இதற்குப் பெயர். காய்கறி இருக்கும் இடத்தில் போர்க்குழியையும் (போர்வெல் மாதிரி நிலத்தில் போடும் துளை), கம்பிச்சுருள் இருக்கும் இடத்தில் அறையின் தரையையும் வைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் போர் போட்டு அதற்குள் யு வடிவத்தில் வளைந்த ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயை இறக்கி, சுற்றிலும் பென்டோனைட் களிமண் கலவையை ஊற்றி மூடிவிட்டால், குழாய்க்குள் சுற்றி வரும் தண்ணீர் மண்ணின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே வரும். ஒரு மீட்டருக்கு 40 முதல் 60 வாட் வரை எடுக்கலாம் என்பது உலகெங்கும் புழங்கும் தோராயக் கணக்கு, அப்படியானால் ஒரு போரிலிருந்து சுமார் 5 கிலோவாட். அதை ஹீட் பம்ப் 35, 40 டிகிரிக்கு ஏற்றிக் கட்டடத்துக்குள் அனுப்புகிறது. கம்ப்ரஸருக்கு ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் உள்ளே நாலு யூனிட் வெப்பம் வந்து சேரும், அதில் மூன்று நிலம் கொடுத்தது. ரூம் ஹீட்டரின் சிவந்த கம்பி ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான் தரும், எந்தக் கம்பெனி ஹீட்டர் வாங்கினாலும் இதுதான் கதை.

இது புதுசும் இல்லை. நிலத்திலிருந்து வெப்பம் எடுக்கும் யோசனைக்குச் சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிச் சோலி 1912இலேயே காப்புரிமை வாங்கினார். சுவீடனில் இன்று லட்சக்கணக்கான வீடுகள் இப்படித்தான் சூடாகின்றன. ஸ்டாக்ஹோம் பக்கத்து மண் 7, 8 டிகிரிதான் இருக்கும், அதிலிருந்தே அவர்கள் எடுத்து மைனஸ் டிகிரி குளிரைச் சமாளிக்கிறார்கள். நமக்குக் கீழே 15 இருக்கிறது. நிலத்திலிருந்து வரும் தண்ணீர் ஒரு டிகிரி கூடினால் கம்ப்ரஸரின் மின்செலவு இரண்டு மூன்று சதவீதம் குறையும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். இன்னொரு லாபமும் உண்டு. அங்கே குழாய்த் தண்ணீர் உறையாமல் இருக்க ஆல்கஹாலோ கிளைகாலோ கலக்க வேண்டும். ஊட்டியில் ஒழுங்காக அளவு போட்டால் குழாயில் வெறும் தண்ணீரே போதும், நாளைக்கு எங்காவது கசிந்தாலும் ஊற்றுநீர் கெடாது. ஊற்றை நம்பி வாழும் மலையில் இது சின்ன விஷயம் இல்லை.

இதையே சென்னைக்கும் கொண்டுவரலாமே என்று உங்களில் பலருக்குத் தோன்றும். நிலத்தடி ஏசி என்ற பெயரில் இதை விற்க வருபவர்களும் உண்டு. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சென்னைக்கு இது பெரும்பாலும் வேண்டாம். நம் ஊரின் ஆண்டுச் சராசரி 28, 29 டிகிரி, அதனால் அடிமண்ணும் அதே சூட்டில்தான் இருக்கிறது. இங்கே பன்னிரண்டு மாதமும் கட்டடத்திலிருந்து வெப்பத்தை வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. அதை மண்ணுக்குள் தள்ளிக்கொண்டே போனால் திருப்பி எடுக்க ஒரு குளிர்காலம் நமக்குக் கிடையாது. வருடத்துக்கு வருடம் போர்க்குழி சூடேறும், மிச்சமாகும் என்று நம்பிய மின்சாரம் கரைந்து போகும். சென்னை ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் வெந்நீர் வேண்டுமென்றால் ஏசி வெளியே விடும் சூட்டையே பிடித்துத் தொட்டிக்குத் திருப்பலாம், அல்லது காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் சாதாரண ஹீட் பம்ப் வைக்கலாம். இங்கே காற்றே 28 டிகிரி, அதற்காக நூறு மீட்டர் துளை போட வேண்டியதில்லை.

மலையில் இதற்கு நேர்மாறான சிக்கல். அங்கே யாருக்கும் ஏசி தேவைப்படுவதில்லை, ஆகவே நிலத்திலிருந்து எடுப்பது மட்டும்தான், திருப்பிப் போடுவது கிடையாது. ஒரே இடத்தில் பத்து, இருபது போர் நெருக்கிப் போட்டு வருடம் முழுக்க உறிஞ்சினால் நாலைந்து வருடத்தில் அந்த மண் குளிர்ந்துவிடும், கம்ப்ரஸர் அதிகம் திணறும், கரண்ட் பில் ஏறும். இதனால்தான் வெயிலையும் சேர்த்துப் பேசுகிறேன். நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்துக்கே திருப்பிக் கொடுக்க நம்மிடம் இருக்கும் சுலபமான வழி சூரியன்தான்.

கனடாவில், ஆல்பர்ட்டா மாநிலத்தின் ஓகோடாக்ஸ் என்ற ஊரில், டிரேக் லேண்டிங் என்ற குடியிருப்பில் 2007இல் இதைச் செய்து காட்டினார்கள். அதில் ஹீட் பம்புக்கு வேலை இல்லை, வெயிலும் நிலமும் மட்டும். 52 வீடுகள். கார் ஷெட் கூரைகளில் ஏறத்தாழ 800 சூரிய வெப்பத் தகடுகள். 35 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் 144 துளைகள். கோடை முழுக்க வெயிலைப் பிடித்து அந்த மண்ணுக்குள் செலுத்தி, மைனஸ் முப்பதுக்கும் போகக்கூடிய குளிர்காலத்தில் அதைத் திருப்பி எடுத்தார்கள். 2015-16 குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கத் தேவைப்பட்ட வெப்பம் முழுவதையும் வெயிலே கொடுத்தது. அந்த ஊரோடு ஒப்பிட்டால் ஊட்டியின் குளிர் ஒன்றுமே இல்லை. ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். பாகங்கள் பழசாகி, மாற்று பாகம் கிடைப்பது கடினமாகி, 2024இல் அதை மூடும் முடிவுக்கு வந்தார்கள். நிலம் கைவிடவில்லை, இயந்திரங்களைத்தான் பார்த்துக்கொள்ள முடியாமல் போனது. இதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

நம் மலையின் வெயில் விசித்திரமானது, வரைபடம் போடும் முன் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊட்டியில் குளிர் இரண்டு முறை வருகிறது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வானம் தெளிந்து கிடக்கும், பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை, நாள் முழுக்க மூட்டம், பெரிய உறைச்சல் இல்லாவிட்டாலும் எலும்புக்குள் இறங்கும் ஈரக்குளிர். முதல் குளிருக்கு வெயில் இருக்கிறது, ஆனால் தேவை இரவில். அதற்குப் பகல் வெயிலில் ஹீட் பம்பை ஓட்டி, தண்ணீர்த் தொட்டியிலும் தரைக்கு அடியில் குழாய் பதித்த கான்கிரீட்டிலும் சூட்டை நிரப்பி வைத்தால் போதும், தரை இரவு முழுக்க மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது குளிருக்கு வெயிலே இல்லை. அப்போது கைகொடுப்பது நிலம்தான், அதுவும் மார்ச், ஏப்ரல், மே மாத வெயிலை முன்கூட்டியே உள்ளே இறக்கி வைத்த நிலம்.

கூரையில் தகடு வைப்பவர்களோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், மூட்டமான நாளில் 60 டிகிரி வெந்நீர் கேட்டால் சூரிய வெப்பத் தகடு கையை விரித்துவிடும். விழும் வெயிலில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது, பிடிக்கும் சூடெல்லாம் தகட்டிலிருந்தே காற்றுக்குப் போய்விடும். அதே நாளில் அதே தகட்டிடம் 25 டிகிரி தண்ணீர் மட்டும் கேளுங்கள், விழுவதில் பாதிக்கு மேல் தரும். 25 டிகிரி தண்ணீரில் யாரும் குளிக்க முடியாது, ஆனால் 15 டிகிரி போர்க்குழிக்கு அது பெரிய வரவு. ஆகவே தகட்டிலிருந்து வரும் தண்ணீர் 50 டிகிரிக்கு மேல் இருந்தால் குளியல் தொட்டிக்கு, 35ஐ ஒட்டி இருந்தால் நேராகத் தரைக்குழாய்க்கு, அதற்கும் கீழே என்றால் போருக்கு என்று மூன்று வால்வும் ஒரு சின்னக் கன்ட்ரோலரும் வைத்துப் பிரித்துவிட்டால், ஊட்டியில் தகடு சும்மா கிடக்கும் பகலே அபூர்வம். எனக்கு இந்த முழு அமைப்பிலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான். வெயிலுக்குப் பேர்போகாத ஒரு ஊரிலும் வெயில் வீணாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது எனக்கு இன்றைக்கும் உற்சாகம் தருகிறது.

ஒரு எச்சரிக்கை. உறைபனி இரவில் திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தகடு, சுற்றியுள்ள காற்றைவிடவும் அதிகம் குளிர்ந்துவிடும், உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்தால் செப்புக்குழாய் பிளந்துவிடும். பம்ப் நின்றவுடன் தகட்டுத் தண்ணீர் முழுக்கத் தானாகவே உள்ளேயிருக்கும் தொட்டிக்கு வடிந்துவிடும்படி சரிவு கொடுத்துக் குழாய் போடுங்கள். சென்னையில் இதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை.

வெந்நீர்க் கணக்கை மட்டும் இங்கேயே போட்டுக் காட்டுகிறேன். நூறு பிள்ளைகள் இருக்கும் விடுதி, ஆளுக்கு 40 லிட்டர், 15 டிகிரி தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். தினமும் 116 யூனிட் வெப்பம். கீசரோ ராடோ வைத்தால் 116 யூனிட் மின்சாரம் அப்படியே போகும். ஹீட் பம்ப் நாலுக்கு ஒன்று என்று ஓடினால் 29 யூனிட். ஒரு கிலோவாட் சோலார் பேனல் நல்ல நாளில் நாலு யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால் ஏழெட்டு கிலோவாட் பேனலில் வெந்நீர்ச் செலவு கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். வருடத்தில் 300 நாள் விடுதி ஓடுகிறது என்றால் மிச்சமாவது 26,000 யூனிட். இதில் வெப்பத் தகடு நேராகக் கொடுப்பதைச் சேர்க்கவே இல்லை. அந்த வரிசையின் கடைசியில் நிற்கும் பையனுக்கும் வெந்நீர் கிடைக்கும் என்பதை யூனிட்டில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இவ்வளவும் ஓட்டைக் கட்டடத்தில் செய்தால் பயனில்லை. ஹீட் பம்பின் அளவைப் பேசும் முன்னால் கூரையைப் பேச வேண்டும். நாம் போடும் ஐந்து இஞ்ச் கான்கிரீட் தளத்தின் யு-வேல்யூ, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக வெளியேறும் வாட் கணக்கு, ஏறத்தாழ 3.5. இருநூறு சதுர மீட்டர் கூரை, உள்ளுக்கும் வெளிக்கும் 12 டிகிரி வித்தியாசம், ஆக 8.4 கிலோவாட் கூரை வழியாகவே வானத்துக்குப் போகிறது. மேலே இரண்டு இஞ்ச் எக்ஸ்பிஎஸ் என்ற வெப்பம் தடுக்கும் நுரைப் பலகை போட்டு மூடினால் யு-வேல்யூ அரையை ஒட்டி இறங்கிவிடும், போவது 1.2 கிலோவாட். மிச்சம் 7 கிலோவாட்டுக்கு மேல். ஒரு நூறு மீட்டர் போரும் கம்ப்ரஸரும் சேர்ந்து தருவதே அவ்வளவுதான். இரண்டு இஞ்ச் பலகை ஒரு போரையே மிச்சப்படுத்துகிறது, அதுவும் என்றைக்கும் ரிப்பேர் ஆகாத பலகை. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டால் இழப்பு பாதியாகும். அப்புறம் கதவிடுக்கு, வென்டிலேட்டர், ஜன்னல் சட்டத்தின் சந்து, இவற்றை அடைப்பதற்கு ஆகும் காசு மிகக் கொஞ்சம்.

நீலகிரி இது தெரியாத மண்ணும் இல்லை. அங்கத்திய பழங்குடிகளான தோடர்களின் பழைய வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அரைவட்டமாக வளைந்து தரையைத் தொடும் கூரை, தடிமனான புல்வேய்ச்சல், தவழ்ந்துதான் நுழைய முடிகிற ஒரே வாசல், ஜன்னல் கிடையாது. உள்ளே மூட்டிய சிறு அடுப்பின் சூடு வெளியே போக வழியே இல்லை. படகர்களின் ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒரே வரிசையாக நிற்கின்றன, நடுவில் இருக்கும் வீட்டுக்குக் குளிர்ச்சுவர் இரண்டுதான். அந்தப் புல்கூரையை நாம் காப்பியடிக்க வேண்டாம், அதன் கணக்கை மட்டுமாவது நம் கான்கிரீட்டுக்குக் கொண்டுவரலாம்.

போர் போடுவதற்கு வெளிநாட்டுக்காரரை எதிர்பார்க்க வேண்டியதும் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் இருக்கிறதா? ஆறரை இஞ்ச் துளையை நூறு மீட்டருக்குக் கருங்கல்லில் இறக்குவது அவர்களுக்கு அன்றாட வேலை. நீலகிரியின் அடியில் கிடப்பது சார்னோக்கைட் பாறை, பரங்கிமலையில் பார்க்கிறோமே, அதே கல்தான். கெட்டிப் பாறை என்பதால் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். பம்பும் மோட்டாரும் மலையடிவாரத்துக் கோவையிலேயே தயாராகின்றன. நம்மிடம் இல்லாதது இதையெல்லாம் சேர்த்து ஒரு டிராயிங்கில் போடும் பழக்கம் மட்டும்தான்.

தடைகளையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் பெரிய ரிக் ஏறுவது சிரமம், சின்ன ரிக் வேண்டும். மலைமேல் மேற்பகுதி மண் ஆழமான செம்மண், பாறை தட்டும் வரை கேசிங் பைப் இறக்கியாக வேண்டும், அது செலவு. நீலகிரியில் ஆழ்துளைக் கிணறு தோண்டக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது, அந்தக் கட்டுப்பாடு நியாயமானது, ஊற்றுகள் வற்றாமல் இருக்க அது வேண்டும். நாம் கேட்பது ஒரு சொட்டுத் தண்ணீரும் எடுக்காத, மேலிருந்து கீழ்வரை அடைத்து மூடிய துளை. அதைக் கிணறாக எண்ணாமல் தனி வகையாகப் பரிசீலிக்கும்படி மாவட்ட நிர்வாகத்திடமும் ஹாகா என்ற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்திடமும் முறையாகக் கேட்க வேண்டும், குறுக்குவழியில் போய்க் காரியத்தைக் கெடுக்கக் கூடாது. சரிவில் போர் போடவே கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நிலவியலாளர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்த சமதளத்தில் மட்டும், ஆறு மீட்டர் இடைவெளி விட்டு. விளையாட்டு மைதானம் இருக்கும் பள்ளிக்கூடம் என்றால் போர் கூட வேண்டாம், இரண்டு மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிக் குழாயைப் படுக்க வைத்து மூடிவிடலாம். பலன் கொஞ்சம் குறையும், ஆனால் அனுமதிச் சிக்கல் வெகுவாகக் குறையும்.

காற்றிலிருந்து எடுக்கும் ஹீட் பம்பே ஊட்டிக்குப் போதாதா, ஏன் இவ்வளவு தோண்ட வேண்டும் என்று ஏசிக்காரர்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. சின்ன வீட்டுக்கும் எட்டு அறை லாட்ஜுக்கும் போதும், நானே அதைத்தான் சொல்வேன். பெரிய விடுதிக்கும், இருபத்துநாலு மணி நேரமும் சூடு வேண்டியிருக்கும் பிரசவ வார்டுக்கும், பிறந்த குழந்தைகள் பிரிவுக்கும் நிலம்தான் சரி. பனிமூட்டத்தின் ஈரக்காற்று ஐந்து டிகிரிக்குக் கீழே போகும்போது வெளி யூனிட்டின் கம்பிச்சுருளில் ஐஸ் படியும், அதை உருக்க மெஷின் அவ்வப்போது திருப்பி ஓட வேண்டும், சரியாகச் சூடு மிக அதிகம் தேவைப்படும் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் அது நடக்கும். போர்க்குழியில் அந்தத் தொல்லை இல்லை. வெயிலைச் சேமித்து வைக்க நிலத்துக்கு முடியும், காற்றுக்கு முடியாது என்பதும் உண்டு.

பராமரிப்பு பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். கீழே இறக்கும் குழாய் ஐம்பது வருடம் தாங்கும், மேலே இருக்கும் பம்பும் வால்வும் கன்ட்ரோலரும்தான் தகராறு செய்யும். ஆகவே குன்னூரிலோ மேட்டுப்பாளையத்திலோ கிடைக்கும் பம்ப், நம் ஏசி மெக்கானிக் பிரித்துப் பார்த்திருக்கும் கம்ப்ரஸர், கையாலும் திருப்பக்கூடிய வால்வு என்று தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டு போர்டு ஒன்று எரிந்துபோய், மாற்று வர ஆறு மாதம் ஆகும் என்று சொல்லி மொத்த சிஸ்டத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு மறுபடி ராடுக்குப் போகிற நிலைமை வரவே கூடாது. டெண்டரிலேயே ஐந்து வருடப் பராமரிப்பைச் சேருங்கள். அந்த ஊர் ஐடிஐ பிள்ளைகள் நாலு பேருக்காவது பைப் வெல்டிங்கிலிருந்து கேஸ் சார்ஜ் வரை கற்றுக்கொடுப்பதும் அதே டெண்டரில் இருக்கட்டும்.

செலவு கூடும், மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் எல்லாக் கட்டடத்திலும் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களில் யாரிடமாவது மலையில் ஒரு அரசு விடுதியோ ஆஸ்பத்திரி வார்டோ இப்போது வரைபட நிலையில் இருக்கும். அந்த ஒன்றில் மட்டும் செய்வோம். உள்ளே போகும் மின்சாரத்துக்கு ஒரு மீட்டர், தகட்டிலிருந்து வரும் வெப்பத்துக்கு ஒரு மீட்டர், போரிலிருந்து வருவதற்கும் போருக்குப் போவதற்கும் ஒன்று, அறைக்குள் வெப்பநிலையும் ஈரப்பதமும் பதியும் கருவி. மாதாமாதம் எண்களைப் பொதுவில் போட்டுவிட வேண்டும், நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும். சரியாக ஓடவில்லை என்றால் ஏன் என்று எல்லோரும் பார்க்கட்டும், அடுத்தவர் அதைத் திருத்திக்கொள்வார்.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மலையில் ரிக் வண்டி நிம்மதியாக நின்று வேலை செய்யக்கூடியது ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான், அப்புறம் கோடை மழை, சீசன் நெரிசல், அதைத் தாண்டினால் பருவமழை. முழு வேலைக்கு முன் ஒரே ஒரு சோதனைப் போர் போட்டு, இரண்டு மூன்று நாள் விடாமல் சூடான தண்ணீரைச் சுற்றவிட்டு, அந்தப் பாறை எவ்வளவு வெப்பம் வாங்கும், கொடுக்கும் என்று அளந்தாக வேண்டும். அதற்கான அனுமதி மனு பருவமழை முடிவதற்குள் போய்விட்டால்தான் ஜனவரியில் கையில் தாள் இருக்கும். மனுவுக்கான வெப்ப இழப்புக் கணக்கு, போர் இடைவெளி, குழாய் வரைபடம் மூன்றையும் நான் சம்பளம் வாங்காமல் போட்டுத் தருகிறேன். கட்டடத்தின் பிளானும் கூரை விவரமும் மட்டும் அனுப்புங்கள், மற்றதை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே சென்னையில் ஏசியும் குழாயும் வரையும் ஒருவன்